ஐயாயிரம் பேருக்கு ஒருவர் போதுமா?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து சாரலாகப் பொழிகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட நாலா திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள். ஆனால், குற்றாலம் பேரூராட்சியில் நிலையாகக் குடியிருப்போர் சில ஆயிரம் பேர்தாம். சாரல் ஓய்ந்து அருவி வற்றிய பங்குனி மாதத்தில் அதே கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கும்.

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா? இவ்வூருக்கு எத்தனை மருத்துவர்கள் வேண்டும்? எத்தனை செவிலியர்கள், எத்தனை சுகாதார ஆய்வாளர்கள் வேண்டும்? குடியிருப்போரை மட்டும் கணக்கில் கொண்டால் ஆடி மாதத்தில் ஆள் போதாது. ஆடிக் கூட்டத்தைக் கணக்கில் கொண்டால் பங்குனியில் அவர்களுக்கு வேலை இராது. இரண்டுக்கும் சராசரி கண்டால் அந்த எண் எந்த மாதத்துக்குமே பொருந்தாது!

இத்தகைய கேள்விகளுக்கு விடை காணும் முயற்சியையே சுகாதாரப் பணியாளர் திட்டமிடல் என்கிறோம். நாடு முழுவதற்கும் இன்ன பணிக்கு இத்தனை பேர் தேவை, அவர்களுக்கு இத்தனை ஆண்டுப் பயிற்சி தேவை, அவர்களை இன்ன இடத்தில் அமர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பது இதன் நோக்கம். இதில் நம் நாடு நெடுங்காலமாகப் பின்பற்றி வரும் முறை எளிமையானது: இத்தனை மக்களுக்கு ஒருவர் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மக்கள்தொகையை அதனால் வகுப்பது. அந்த எண் எங்கிருந்து வந்தது, அது எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுவந்து சேர்த்தது, எங்கே வழி தவறச் செய்கிறது என்பதை இனிக் காண்போம்.

சென்னை மாகாணத்தின் தொடக்கங்கள்

கிராமத்துக்கு மருத்துவரை அனுப்புவது எப்படி என்ற சிக்கல் புதியதன்று. 1920-களின் நடுவில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னை மாகாணம் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. கிராமத்தில் குடியேறித் தொழில் செய்ய முன்வரும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் மானியம் தரப்பட்டது. ஏழைகளுக்கு அவர் இலவசமாக மருத்துவம் செய்ய வேண்டும். வசதி உள்ளவர்களிடம் கட்டணம் பெற்றுக்கொள்ளலாம். முழுச் சம்பளம் கொடுத்து ஒவ்வோர் ஊரிலும் மருத்துவமனை கட்டப் பணம் இல்லாத அரசு கண்ட வழி இது.

அடுத்து, 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். இச்சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனியே ஓர் அத்தியாயம் உண்டு என்பது நம் கேள்விக்கு மிகவும் பொருத்தமானது. ஓர் ஊரில் குடியிருப்போர் வேறு, அங்கே வந்து கூடுவோர் வேறு. பின்னவர்களுக்காகவும் குடிநீர், துப்புரவு, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு முன்னேற்பாடு செய்ய வேண்டும் என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. காலரா அஞ்சப்பட்ட காலம் அது. திருவிழாவுக்குச் சென்று திரும்புவோருடன் நோயும் ஊர் ஊராகப் பயணம் செய்தது.

போர் குழுவின் கணக்கு

1943-இல் இந்திய அரசு சர் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. (இவர் பெயரில்தான் போர் இருக்கிறது, இவர் ஆட்சிப்பணி அதிகாரி.) சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் இக்குழுவில் ஓர் உறுப்பினர். 1946-இல் வெளிவந்த இதன் அறிக்கை, நம் நாட்டின் சுகாதாரப் பணியாளர்களை முதன்முறையாக முழுமையாகக் கணக்கெடுத்தது எனலாம்.

அக்கணக்கின்படி அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 47,500 மருத்துவர்களும் 7,000 செவிலியர்களும் இருந்தனர். அதாவது 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர். 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர். 1971-ஆம் ஆண்டுக்குள் 2,000 மக்களுக்கு ஒரு மருத்துவரும் 300 மக்களுக்கு ஒரு செவிலியரும் இருக்க வேண்டும் என்று குழு இலக்கு வகுத்தது.

இந்த எண்களை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாமல் ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். அன்று இருந்த நிலையில் ஏறத்தாழ ஏழு மருத்துவர்களுக்கு ஒரு செவிலியர். குழு விரும்பிய நிலையிலோ ஒரு மருத்துவருக்கு ஏறத்தாழ ஏழு செவிலியர்கள்! இருந்ததைப் பெருக்கச் சொன்னதோடு குழு நிற்கவில்லை. விகிதத்தையே தலைகீழாகத் திருப்பச் சொன்னது. நோய் வந்தபின் மருந்து தருவதைவிட நோய் வராமல் காப்பதே முதற்பணி என்று அது கருதியதால், வீடு தேடிச் செல்லும் செவிலியரும் மருத்துவச்சியும் அதன் திட்டத்தில் முதன்மை பெற்றனர். 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதில் 2 மருத்துவர்களுக்கு 4 பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் 4 மருத்துவச்சிகளும் என்பது அதன் உடனடித் திட்டத்தின் ஒரு பகுதி.

மற்றொரு செய்தியும் உண்டு. அன்றிருந்த மருத்துவர்களில் 29,870 பேர், அதாவது பத்துக்கு ஆறு பேருக்கும் மேல், எல்.எம்.பி. போன்ற குறுகிய படிப்பை முடித்தவர்கள். இனிமேல் நாட்டில் ஒரே வகை மருத்துவர்தான் இருக்க வேண்டும், அவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று குழுவில் பெரும்பான்மையோர் கூறினர். பட்டதாரிகள் போதிய அளவில் உருவாக நாளாகும், அதுவரை கிராமங்களின் கதி என்ன என்று சிலர் மறுப்புரை எழுதினர். பெரும்பான்மையோர் கருத்தே வென்றது, எல்.எம்.பி. படிப்பு படிப்படியாக மறைந்தது. தரம், எண்ணிக்கை இரண்டில் எதை முன்னே வைப்பது என்ற அந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

ஒரு நோய்க்கு ஓர் ஊழியர்

விடுதலைக்குப் பின் 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கப்பட்டது. வட்டாரமோ பெரிது, 40,000 என்ற அளவு ஏட்டிலேயே நின்றது. இதைக் கண்ட முதலியார் குழு, 1961-இல் தந்த அறிக்கையில், புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன் இருப்பவற்றை வலுப்படுத்துங்கள் என்று எச்சரித்தது. முன்னே போர் குழுவில் உறுப்பினராக இருந்த அதே டாக்டர் முதலியாரே இக்குழுவின் தலைவர்.

அக்காலத்தில் கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பலர். அம்மை குத்துபவர் ஒருவர், மலேரியா ஊழியர் ஒருவர், குடும்ப நல ஊழியர் ஒருவர் என ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி ஆள் வந்தார். 1963-இல் சதா குழு மலேரியாக் கண்காணிப்பு, குடும்ப நலம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றை ஒரே அடிப்படைச் சுகாதார ஊழியரிடம் ஒப்படைக்கலாம் என்றது. ஒருவருக்கு 10,000 மக்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு 5 பேர் எனக் கொண்டால் 10,000 மக்கள் என்பது 2,000 வீடுகள். மாதத்தில் 25 வேலை நாட்கள் என்றால் நாள் ஒன்றுக்கு 80 வீடுகள். ஆறு மணி நேரம் இடைவிடாது நடந்தாலும் ஒரு வீட்டுக்கு நாலரை நிமிடம். அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். காய்ச்சல் உள்ளவரைத் தேடி இரத்தம் எடுப்பாரா, குடும்ப நலம் பேசுவாரா? இரண்டும் ஒருசேர நடக்காது என்று கண்டு, இரண்டே ஆண்டுகளில் வேறொரு குழு இவ்வேலைகளைப் பிரிக்கச் சொன்னது.

1973-இல் கர்தார் சிங் குழு மீண்டும் சேர்க்கச் சொன்னது. ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. வேலையைச் சேர்த்தபோதே சுமக்கும் பரப்பைக் குறைத்தது. 50,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன்கீழ் 16 துணை நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஆண் ஊழியர் ஒருவர், பெண் ஊழியர் ஒருவர். ஆக, 3,000 முதல் 3,500 மக்களுக்கு இருவர். பெரியம்மை ஒழிப்பு முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1975 மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை தோன்றவில்லை. அம்மை குத்தியவர்களின் கைத்திறன் வீணாகாமல், அவர்களுக்கு மறுபயிற்சி அளித்துப் பல்நோக்குச் சுகாதார ஊழியராக மாற்றும் வழியை இக்குழு காட்டியது. ஒரு நோய் ஒழிந்தால் ஊழியர் ஒழிய வேண்டியதில்லை என்பது அதன் பாடம்.

இவ்வாறு பல அறிக்கைகளின் வழியே வந்து, 1980-களில் நிலைபெற்ற அளவுகோல் இதுதான்: சமவெளியில் 5,000 மக்களுக்கும் மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 30,000 மக்களுக்கும் மலைப்பகுதியில் 20,000 மக்களுக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நர்சம்மா என்று அழைக்கப்படும் கிராம சுகாதாரச் செவிலியர் இந்தத் துணை நிலையத்தின் அச்சாணி.

எண் நின்றது, வேலை மாறியது

அளவுகோல் ஐயாயிரத்தில் நின்றுவிட்டது. ஆனால் அந்த ஐயாயிரம் பேர் அன்றிருந்தது போலவே இருக்கிறார்களா?

1971-இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 31. ஐயாயிரம் மக்களிடையே ஆண்டுக்கு 155 குழந்தைகள் பிறந்தன என்று பொருள். அவற்றில் பல வீட்டிலேயே பிறந்தன. 2020-இல் அவ்விகிதம் 13.8. அதே ஐயாயிரம் மக்களிடையே இப்போது 69 பிறப்புகள். அவையும் ஏறக்குறைய அனைத்தும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. அப்படியானால் நர்சம்மாவின் வேலை பாதியாகக் குறைந்துவிட்டதா? இல்லை. பிறப்பு குறைந்த ஊரில் முதியோர் பெருகினர். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பெருகின. பிரசவம் ஒரு நாள் வேலை. நீரிழிவோ ஆயுள் முழுவதும் மாதந்தோறும் பார்க்க வேண்டிய வேலை. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை அமர்த்த நேர்ந்ததே, பழைய எண்ணுக்குள் புதிய வேலை அடங்கவில்லை என்பதற்குச் சான்று.

தென்காசி மாவட்டத்தையே பாருங்கள். கடையநல்லூர், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த ஒரு தெருவும், வயல் வேலைக்குப் போவோர் வாழும் ஒரு தெருவும் தலைக்கணக்கில் சமமாக இருக்கலாம். புகையிலைத் தூசியோடு நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கும் வெயிலில் குனிந்து நிற்பவருக்கும் வரும் நோய்கள் சமமாக இரா.

பனை வைத்தவனின் கவலை

‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பது நம் பழமொழி. மருத்துவரை உருவாக்குவது பனை வைப்பதைப் போன்றது. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் அடிப்படைப் படிப்பு. சிறப்பு மருத்துவராக மேலும் மூன்று ஆண்டுகள். புதிய கல்லூரி கட்டும் காலத்தையும் சேர்த்தால் இன்று எடுத்த முடிவின் பலன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே தெரியும். முடிவு தவறாக இருந்தாலும் அப்போதுதான் தெரியும்.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு பிரிட்டன். அந்நாட்டின் தேசியச் சுகாதாரப் பணி 1948-இல் தொடங்கியது. எதிர்காலத்தில் எத்தனை மருத்துவர் தேவை என்று ஆராய 1955-இல் வில்லிங்க் குழு அமைக்கப்பட்டது. மருத்துவர்கள் மிகுதியாகிவிடுவார்கள், மாணவர் சேர்க்கையைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள் என்று 1957-இல் அது கூறியது. ஆனால் மக்கள்தொகை குழு எண்ணியதைவிட விரைவாக வளர்ந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். சில ஆண்டுகளிலேயே பற்றாக்குறை தலைதூக்கியது. 1968-இல் மற்றோர் ஆணையம் சேர்க்கையைப் பெருக்கச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் அந்த மருத்துவமனைகளைத் தாங்கியவர்களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற மருத்துவர்கள் கணிசமானோர். இலண்டனில் செய்த கணக்குப் பிழையை நம் நாட்டு வரிப்பணத்தில் படித்தவர்கள் ஈடுகட்டினார்கள். நம் திட்டக்காரர்களும் கல்லூரியிலிருந்து வெளிவருவோரை எண்ணியபோது, கப்பலேறிப் போனவர்களையும் கழித்திருக்க வேண்டும்.

தலையை எண்ணாமல் வேலையை எண்ணுதல்

இதற்கு மாற்று வழி உண்டா? உலகச் சுகாதார நிறுவனம் 1998-இல் ஒரு கையேட்டின் வாயிலாகப் பரப்பிய முறை ஒன்று உண்டு. பணிச்சுமையை அளந்து பணியாளர் தேவையைக் காண்பது அதன் சாரம். ஒரு நிலையத்தில் ஆண்டுக்கு என்னென்ன வேலைகள் எத்தனை முறை நடக்கின்றன? ஒவ்வொன்றையும் செம்மையாகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? விடுப்பு, பயிற்சி போக ஒருவர் ஆண்டில் எவ்வளவு நேரம் வேலைக்குக் கிடைப்பார்? முதலிரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் தேவை கிடைக்கும்.

சிறு புதிர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும். எட்டு மணி நேரப் பணிமுறை. எத்தனை செவிலியர்கள் தேவை? மூன்று என்று உடனே சொல்வீர்கள். வாரத்துக்கு 7 நாட்கள், நாளுக்கு 3 முறை. ஆக 21 பணிமுறைகள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு போக மூவரும் சேர்ந்து 18 பணிமுறைகளையே பார்க்க முடியும். மீதி மூன்று? ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 365-ஐ 3-ஆல் பெருக்க 1,095 பணிமுறைகள். வார ஓய்வு, பண்டிகை, விடுப்பு எல்லாம் போக ஒருவர் ஆண்டுக்கு 270 நாட்கள் வேலை செய்வதாகக் கொள்வோம். 1,095-ஐ 270-ஆல் வகுத்தால் நான்குக்குச் சற்று மேலே வருகிறது. மூவரை வைத்துக்கொண்டு நடத்தினால் நான்காமவரின் வேலையை அந்த மூவரின் தூக்கமும் ஓய்வும் செய்கின்றன என்றுதான் பொருள். நள்ளிரவில் வலி எடுத்து வரும் தாய்க்கு முன்னால் நிற்பவர் பதினாறு மணி நேரமாக விழித்திருப்பவராக இருக்கக்கூடும்.

தென்காசிக்குத் திரும்புவோம்

திட்டமிடுவோர் கையில் இருப்பது வரைபடம். அதில் இருப்பவை எல்லைக் கோடுகள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. சில மைல் தொலைவில் உள்ள தென்காசி சென்னை மாநிலத்தில் இருந்தது. ஒரே சாரலில் நனைந்த இரண்டு ஊர்களுக்கும் இரண்டு சுகாதாரத் துறைகள்! கொசுவுக்கும் கிருமிக்கும் அந்தக் கோடு தெரிந்திராது. பின்னர் 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. நிர்வாகம் அருகில் வந்தது நன்மை. ஆனால் மாவட்டம் பிரிவதாலேயே மருத்துவர்கள் இரட்டிப்பாவதில்லை. பணியிடம் அனுமதிக்கப்படுவது ஒன்று, அதில் ஆள் வந்து அமர்வது மற்றொன்று. ஆள் தேர்வை விரைவுபடுத்தவே தமிழ்நாடு 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தைத் தனியாக நிறுவியது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து பிரித்து, பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகத்தையும், அதற்கெனப் பயின்ற சுகாதார அலுவலர்களையும் அது தொடர்ந்து காத்து வந்திருக்கிறது. நோயாளி வராதபோதும் செய்ய வேண்டிய வேலை உண்டு என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. குற்றாலம் போன்ற ஊருக்கு இத்தகையவர்களே முதல் தேவை. ஆடி மாதத்தில் அங்கே சுகாதார ஆய்வாளரின் வேலையை நிர்ணயிப்பது குடியிருப்போர் எண்ணிக்கை அன்று. உணவுக்கடைகள் எத்தனை, விடுதிகள் எத்தனை, குடிநீர்த் தொட்டிகள் எத்தனை, கழிப்பிடங்கள் எத்தனை என்பவையே அதை நிர்ணயிக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் பக்தர் கூட்டம் இரண்டாவது பருவம்.

பருவத்துக்கு மட்டும் ஆட்களை வரவழைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதுதான், ஆனால் அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து நர்சம்மாவை அருவிக்கரைக்கு அனுப்பினால், அந்தக் கிராமத்துக் கருவுற்ற பெண்ணும் நீரிழிவு முதியவரும் காத்திருப்பார்கள். பணியாளர் கணக்கில் ஓர் ஊரில் கூட்டினால் மற்றோர் ஊரில் கழியும். உபரியாகச் சிலரை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வது வீண்செலவு அன்று, அது காப்புறுதி. மேலும் பருவம் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. 2024 மே 17-ஆம் நாள், சாரல் காலம் தொடங்கும் முன்பே, மேல்மலையில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஏற்பாடுகள் ஜூன் மாதத்திலிருந்து என்று எழுதி வைத்தால் மே மாதம் கேட்டுக்கொண்டிருக்காது.

இத்தனை மக்களுக்கு ஒருவர் என்ற எண் தேவையற்றது என்று சொல்லவில்லை. எதுவுமே இல்லாத காலத்தில், எல்லா ஊருக்கும் ஓரளவேனும் கிடைக்கட்டும் என்று நியாயம் பேசிய எண் அது. கிராமத்தை முற்றிலும் மறந்துவிடாமல் காத்தது அதுவே. ஆனால் அது தொடக்கப் புள்ளி. முடிந்த முடிவு ஆகாது. ஒவ்வொரு தலைமுறையிலும் வேலையை அளந்து அதைத் திருத்த வேண்டும்.

மாணவ நண்பர்களே, இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையம் எத்தனை வீடுகளுக்கு உரியது? அறுபது வயதைத் தாண்டியவர்கள் அங்கே எத்தனை பேர்? கடைசி வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பேருந்து உண்டா? நர்சம்மாவுக்கு ஓய்வான ஒரு வேளையில், அவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலைகளையும் அவற்றுக்கு ஆகும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெருக்கி வகுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் விடையை ஐயாயிரத்துக்கு ஒருவர் என்ற விடையோடு ஒப்பிட்டால், வேறுபாடு எவ்வளவு என்பது விளங்கும். அந்த வேறுபாட்டைத்தான் இன்று யாரோ ஒருவர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து ஈடுசெய்து வருகிறார்.